பலாப்பழத்துக்கு ஒரு டிக்கெட்

என் வீட்டுக்காரர் சவரிராயனைப் பட்டிமன்றம் கேட்கிற பழக்கமுள்ள எல்லோருக்கும் தெரியும். போஸ்டரில் 'நகைச்சுவைத் தென்றல்' என்று போடுவார்கள். வீட்டில் அந்தத் தென்றல் வீசி நான் பார்த்ததில்லை. கடலூர் முதுநகரில் உரக்கடையில் வேலை, சனி ஞாயிறு வந்தால் மேடை. திருவதிகையில் கோயில் விழாவோ, வடலூரில் வியாபாரிகள் விழாவோ, எங்கள் பங்குக் கோயிலில் மாதா திருவிழாவோ, எங்கே பேசினாலும் பேச்சில் நான் வந்துவிடுவேன். நான் வைத்த ரசம், நான் போட்ட சண்டை, நான் எடுக்கச் சொன்ன சேலை. சபை விழுந்து விழுந்து சிரிக்கும். வீட்டுக்கு வந்ததும், "அது மேடைக்குச் சொல்றது ஜெயா, மனசுல வச்சிக்காத" என்பார். நானும் வைத்துக்கொள்ளாமல்தான் இருந்தேன், இந்த பஸ் விவகாரம் வரும்வரை.

எங்கள் ஊர் சவுக்குமேடு. சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி, மெயின் ரோட்டை விட்டுக் கடல்பக்கம் உள்ளே போக வேண்டும். கடலூரிலிருந்து வரும் டவுன் பஸ் முன்பெல்லாம் சிப்காட் கேட்டோடு திரும்பிவிடும். அதற்குப்பிறகு எங்கள் ஊர்வரை நடைதான். வழியில் பாதித் தூரம் சவுக்குத் தோப்பு. நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறேன். எங்கள் ஊர்ப் பெண்கள் நிறையப்பேர் அப்படித்தான். சாயங்காலம் ஷிப்ட் விட்டு, கூட்டமாகச் சேர்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டே தோப்பைத் தாண்டுவோம்.

அந்தத் தோப்பில்தான் போன வருஷம் எங்கள் தெருப் பெண் பவானிக்கு அது நடந்தது. கம்ப்யூட்டர் கிளாஸ் முடித்துத் தனியாக வந்த பிள்ளை. பைக்கில் இரண்டு பேர் வழிமறித்திருக்கிறார்கள். துப்பட்டாவைப் பிடித்து இழுத்ததோடு போனது, கடவுள் புண்ணியம். ஆனால் அவள் அப்பா தங்கராசு மறுநாளே கிளாஸை நிறுத்திவிட்டார். பவானி இப்போது வீட்டில் கோழிக்குத் தவிடு பிசைகிறாள். தவிடு பிசையும்போதும் வாசல் பக்கம் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் ஜெனிட்டாவுக்குச் சிதம்பரத்தில் நர்சிங் சீட் கிடைத்தது. நான் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன், பஸ் இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்று. காலேஜ் விட்டு அவள் சிப்காட்டில் இறங்கும்போது இருட்டத் தொடங்கிவிடும். எனக்கு ஷிப்ட் மாறும். சில நாள் நான் இருப்பேன், சில நாள் இருக்க மாட்டேன். ஜெனிட்டா அழுதாள், இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் அசையவில்லை. பவானியின் முகத்தைத் தினமும் பார்க்கிறவள் நான்.

ஊர்கூடி மனுக் கொடுத்தோம், நடையாய் நடந்தோம். பொங்கல் முடிந்ததும் டவுன் பஸ்ஸைச் சவுக்குமேடு வரைக்கும் நீட்டினார்கள். "சோதனை ஓட்டம்தான். கூட்டம் ஏறுதான்னு பாப்போம். ஏறினா நிரந்தரம், இல்லன்னா பழையபடி சிப்காட்டோட சரி" என்று சொல்லித்தான் விட்டார்கள். முதல் நாள் பஸ்ஸுக்கு மாலை போட்டு, கண்டக்டருக்குச் சந்தனம் பூசி, கேசரி கிண்டிக் கொடுத்தோம். ஜெனிட்டா காலேஜில் சேர்ந்தாள், எங்கள் ஊர்க் கயல்விழியும் அவளோடு சேர்ந்தாள்.

காலை பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் தெரியும். படிக்கட்டில் தொங்குகிற ஒரு பெண் தன் டிபன் டப்பாவை உள்ளே இருக்கிறவளிடம் கொடுப்பாள், உள்ளே இருக்கிறவள் தன் பிள்ளையை இன்னொருத்தி மடியில் போடுவாள். மூச்சுவிட இடம் இருக்காது. சாயங்காலமும் அதே கதைதான். மதியம் ஒருமணி டிரிப்பில் மட்டும் ஆள் இருக்காது. எப்படி இருக்கும்? ஒருமணிக்கு எல்லோரும் வேலையில் அல்லவா இருப்போம்?

என் வீட்டுக்காரருக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல். இருக்கிறது. அவர் அந்த பஸ்ஸில் ஏறியது ஒரே ஒரு தரம். பண்ருட்டியிலிருந்து கடைக்கு வந்த லாரியில் நல்ல பலாப்பழம் ஒன்று வந்திருக்கிறது. நான் ஒரு வாரமாக ஆசைப்பட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டியில் வைத்தால் உருண்டுவிடும் என்று, அரைநாள் லீவு போட்டு, ஒருமணி பஸ்ஸில் பழத்தோடு வந்து இறங்கினார். அந்தச் சுளையை நான்தான் தின்றேன். அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தேன்.

அடுத்த மாதம் சிதம்பரத்தில் வர்த்தகர்கள் நடத்திய பட்டிமன்றம். 'பாதாள ரயிலும் பஸ்ஸும் ஊர் ஊராக நீள்வது வளர்ச்சியா, வீண் செலவா?' என்று தலைப்பு. நடுவர் புலவர் தேவநாதன். என் வீட்டுக்காரர் 'வளர்ச்சி' பக்கம் பேசுகிறேன் என்றுதான் கேட்டிருக்கிறார். அந்த இடத்தை ஒரு பேராசிரியருக்கு முன்பே கொடுத்துவிட்டார்களாம், இவருக்குக் கிடைத்தது 'வீண் செலவு' அணி. பட்டிமன்றத்தில் எந்த அணி கொடுக்கிறார்களோ அந்த அணிதான். நேற்று ஒரு மேடையில் மாமியாருக்குப் பரிந்து பேசியவர் இன்று இன்னொரு மேடையில் மருமகளுக்காகக் கண்ணீர் விடுவார். பேசுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். யாரும் அதை மனசில் வைத்துக்கொள்வதில்லை.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். கீழவீதிப் பக்கம் பந்தல், நல்ல கூட்டம். அந்தப் பேராசிரியர் சென்னை மெட்ரோவைப் பற்றிப் பேசினார். பூமிக்கு அடியில் ரயில் விட்ட புதிதில் காலியாக ஓடுகிறது என்று எல்லோரும் கேலி பண்ணினார்கள், தடத்தை நீட்ட நீட்டத்தான் கூட்டம் வந்தது என்றார். நியாயமான பேச்சு. ஒருத்தரும் கை தட்டவில்லை. அடுத்து இவர் எழுந்தார்.

"ஐயா பாதாள ரயிலப் பத்திப் பேசுனாரு. எங்க ஊர் பஸ்ஸப் பத்தி நான் சொல்றேன், கேளுங்க. புதுசா நீட்டி விட்டிருக்காங்க. ஆசையா ஏறுனேன். உள்ள யாரு? டிரைவரு ஒருத்தரு, கண்டக்டரு ஒருத்தரு, அப்புறம் ஒரு பலாப்பழம்!"

சபை சிரித்தது.

"கண்டக்டரு நேரா பலாப்பழத்துகிட்ட போயி, 'நீங்க எங்க எறங்கணும்'னு கேக்குறாரு. பாவம், அவருக்கும் பேச்சுத்துணைக்கு ஆள் வேணுமில்ல? பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு ப்ரீ. பலாப்பழத்துக்கு மட்டும் லக்கேஜ் சார்ஜு. அந்த ரூட்டுக்கு அன்னிக்கி மொத்த கலெக்சனே அதான்யா!"

பந்தலே அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே என் தொடையில் அடித்தாள். நானும் சிரித்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பலாப்பழத்திடம் கண்டக்டர் குனிந்து கேட்பதுபோல் இவர் செய்து காட்டியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு சிரிப்பு.

யாரோ அதைப் படம் பிடித்து, அந்த இரண்டு நிமிஷத்தை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் போட்டார்கள். நடுவரும் இல்லை, எதிரணியும் இல்லை, தலைப்பும் இல்லை. ஒரு மனிதன் தன் ஊர் பஸ் காலியாக ஓடுகிறது என்று சொல்வது மட்டும் இருந்தது. என் கம்பெனி குரூப்பிலேயே அது வந்தது. "ஜெயமேரி, உங்க வீட்டுக்காரரு சூப்பரு" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் பெருமைதான்.

சோதனை ஓட்டம் முடிகிற சமயம், முதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். எங்களுக்கு மேற்கே ஆலந்திட்டு என்று ஓர் ஊர். அவர்களும் பஸ் கேட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். இருப்பது ஒரு பஸ். எங்களுக்கு விட்டால் அவர்களுக்கு இல்லை, அவர்களுக்கு விட்டால் எங்களுக்கு இல்லை. அவர்கள் பக்கம் செந்தமிழ்செல்வன் பேசினார். நல்ல மனிதர்தான். அவர் ஊர்ப் பெண்களும் நடந்துதான் வருகிறார்கள். அதைச் சொல்லிவிட்டு, "சவுக்குமேட்டுக்கு பஸ்ஸு தேவையில்லன்னு நான் சொல்லல சார். அவுங்க ஊர்க்காரரே சொல்லியிருக்காரு" என்று செல்போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

டிரைவர் ஒருத்தர், கண்டக்டர் ஒருத்தர், ஒரு பலாப்பழம்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. எங்கள் ஊர்க்காரர்களே சிரித்தார்கள். மேடையில் இருந்த போக்குவரத்துக் கழக அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நான் எழுந்து, காலை பஸ்ஸில் வந்து பாருங்கள் சார் என்றேன். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "காலைல கூட்டம் இருக்கு, இல்லைங்கல. ஆனா நாங்க எல்லா டிரிப்பையும் சேத்து சராசரி பாக்குறோம்மா. சராசரியில பாதி பஸ்ஸு காலி" என்றார். காலையில் மூச்சு முட்டுகிற பஸ்ஸையும் மதியம் காலியாக ஓடுகிற பஸ்ஸையும் கலந்தால் பாதி பஸ் வருகிறதாம். அந்தப் பாதி பஸ்ஸில் நான் ஒருநாளும் ஏறியதில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. மைக்கைக் கையில் வாங்கியதுமே பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

"ஐயா, அது பட்டிமன்றத்துல பேசுனது. எனக்குக் கொடுத்த அணி அது" என்றார்.

சிரிப்பு.

"சிரிக்காதீங்கய்யா, நான் நெசமாத்தான் சொல்றேன். அந்தப் பலாப்பழம் என்னோடது. என் பொண்டாட்டி கேட்டான்னு வாங்கியாந்தேன்."

இன்னும் பெரிய சிரிப்பு. பொண்டாட்டி என்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் சிரிக்க வேண்டும் என்று ஜனங்களுக்குப் பழகிப்போயிருக்கிறது. பழக்கியவரும் அவர்தான்.

"என் பொண்டாட்டி சவுக்குத் தோப்பத் தாண்டி வரப்போ பையில மொளகாப்பொடி டப்பா வச்சிருப்பா. இன்னிக்கும் வச்சிருக்கா" என்றார்.

மண்டபம் வெடித்தது. நாற்காலியில் தட்டுகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் சாய்கிறார்கள். டப்பா என் மடியில் இருந்த பைக்குள்தான் இருந்தது. சிவப்பு மூடி போட்ட சின்ன டப்பா. பவானிக்கு நடந்த மறுநாளிலிருந்து வைத்திருக்கிறேன். பஸ் வந்த பிறகும் எடுத்து வைக்க மனசு வரவில்லை.

அது போகட்டும். ஜனங்கள் சிரித்ததைக்கூட நான் மன்னித்துவிடுவேன். இவர் என்ன செய்தார் தெரியுமா? சிரிப்பு அடங்கட்டும் என்று, மேடையில் வழக்கமாகச் செய்வதுபோல, ஒரு கையை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றார். நின்றதோடு இல்லை. உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது அவருக்கு. கைதட்டல் வாங்கும்போது வருகிற அதே சிரிப்பு. வந்ததை அவரே உணர்ந்து சட்டென்று வாயை மூடிக்கொண்டார், ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

நான் எழுந்து நேரே போய், டப்பாவை எடுத்து அதிகாரி மேசையில் வைத்தேன். "இது காமெடி இல்ல சார். தொறந்து பாருங்க. எங்க ஊருல வேலைக்கிப் போற பொம்பளைங்க பாதிப்பேரு பையில இது இருக்கும். பஸ்ஸு நின்னா என் பொண்ணு படிப்பு நின்னுபூடும்" என்றேன். சிரிப்பு அடங்கியது. அப்போது பின்னாலிருந்து ஒருவன், "அக்காவும் நல்லா பேசுறாங்கப்பா, ரெண்டு பேரும் ஜோடியா மேடைக்கு வரலாம்" என்றான். மறுபடி கொல்லென்று சிரிப்பு. அதிகாரி டப்பாவை என் பக்கம் மெதுவாக நகர்த்திவிட்டு, "குறிச்சிக்கிட்டோம்மா" என்றார்.

திங்கட்கிழமை முதல் பஸ் எங்கள் ஊருக்கு வரவில்லை. ஆலந்திட்டுக்குப் போனது.

அன்றைக்கு வீட்டில் நான் பேசியது எல்லாம் ஜெனிட்டாவிடம் மட்டும்தான். கூட்டம் முடிந்த நாளிலிருந்தே அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றை வைப்பேன், எழுந்து போய்விடுவேன்.

"நாளையிலேர்ந்து காலேஜிக்குப் போவ வேணாம்" என்றேன்.

"போவேம்மா" என்றாள் ஜெனிட்டா. இந்தத் தடவை அழவில்லை. "பவானியப் பாத்து பயந்து நீ என்ன நிறுத்துற. என்னப் பாத்து பயந்து கயல்விழியோட அம்மா அவள நிறுத்துவாங்க. அப்புறம் எந்தப் பொண்ணும் போவல, பஸ்ஸு எதுக்குன்னு கேப்பாங்க. அப்பா சொன்னது அப்பதான் உண்மையாவும்."

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வடலூரிலிருந்து ஒரு நிகழ்ச்சிக்காகப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அவள் என்னைக் கேட்காமலே காலேஜுக்குக் கிளம்பிவிட்டாள். சாயங்காலம் நான் ஷிப்ட் விட்டு சிப்காட் கேட்டுக்கு வந்தால், அவர் எக்ஸ்.எல்.லோடு நின்றுகொண்டிருக்கிறார். சிதம்பரம் பஸ்ஸிலிருந்து ஜெனிட்டாவும் கயல்விழியும் இறங்கினார்கள். கம்பெனிகளிலிருந்து எங்கள் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மகளை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போயிருந்தால் ஊரில் எங்களால் தலைகாட்ட முடிந்திருக்காது. அவர் ஏற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, வெளிச்சத்துக்காக லைட்டைப் போட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி எங்களோடு நடந்தார்.

ரத்தினம்மாள், "தென்றல் இன்னிக்கி நடந்து வருது" என்று முணுமுணுத்தாள். அவள் காலில் ஆணி, ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறவள். சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது.

தோப்பு ஆரம்பமானதும் எல்லோரும் நெருங்கி நடந்தோம். உள்ளே எங்கோ ஒரு பைக் நிற்கிற மாதிரி தெரிந்தது. ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியவில்லை. நான் பைக்குள் கையை விட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

கயல்விழிதான் மெதுவாகச் சொன்னாள். "மாமா, சும்மா வராதீங்க. சத்தமா எதுனா பேசுங்க. ஆம்பளக் கொரலு கேட்டா கிட்ட வர மாட்டானுங்க."

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பேச்சையே தொழிலாகச் செய்கிற மனிதன், இரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசுகிற மனிதன், தொண்டையைச் செருமுகிறார், மறுபடி செருமுகிறார். வரவில்லை. பெண்கள் காத்துக்கொண்டே நடந்தார்கள்.

பிறகு திடீரென்று, தோப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி, "கயல்விழி!" என்று கூப்பிட்டார்.

அவள் திகைத்து, "இருக்கேன் மாமா" என்றாள்.

"ரத்தினம்மா அக்கா!"

"இருக்கேன்டாப்பா, எங்க போயிட்டேன்."

"ஜெனிட்டா!"

"இருக்கேம்ப்பா."

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூட்டத்தில் ஒருத்தரையும் விடவில்லை. பின்னால் வருகிறவர்கள் கைகாட்டிப் பதில் சொன்னார்கள். சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் பிள்ளைக்கும் சேர்த்துச் சொன்னாள். பெயர் முடியவே இல்லை. இத்தனை பேரும் அந்த பஸ்ஸில் இருந்தவர்கள்தானே என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அவர் குரல் நடுவில் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கடைசியாக, "ஜெயமேரி!" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். அந்த மண்டபத்தில் அவர் உதட்டோரம் வந்த சிரிப்பு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவர் வண்டியை நிறுத்தினார். வண்டி நின்றதும் எல்லோரும் நின்றார்கள். தோப்புக்குள் இருந்த பைக் ஸ்டார்ட் ஆகி எதிர்ப்பக்கமாகப் போகிற சத்தம் கேட்டது.

"ஜெயமேரி" என்று மறுபடி கூப்பிட்டார். மேடைக் குரல் இல்லை.

"இருக்கேன், நடங்க" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். ஊர் வரும்வரை டப்பாவைக் கையிலிருந்து எடுக்கவில்லை.